மூன்றாவது மிசினில் ஊசி உடைந்திருக்கிறது

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நர்சிங் படித்தபோது விடுதியில் பாதிப் பெண்களின் வீட்டுக் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர்கள் என் சார்ட்டை எடுத்துக் காட்டி மற்ற நர்சுகளைத் திட்டுவார்கள். அப்படிப்பட்ட கையெழுத்தில் ஒரு நல்ல மனுஷிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் ஏறக்குறைய அப்படியே ஆக்கியும் விட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உங்கள் மேட்ரன் கேட்டது இது அல்ல. "புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஊக்கமா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்றுதான் கேட்டார். முப்பத்தாறு வருடம் நர்சாக இருந்தவளிடம் முழங்கால் வலிதான் மிச்சம் இருக்கும், ஊக்கத்துக்கு நான் எங்கே போவேன்? ஊசி போடுவது, கட்டுப் போடுவது பற்றியெல்லாம் நான் எழுத மாட்டேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நீங்களே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருபத்திரண்டு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கோயமுத்தூரில் ஒரு டாக்டரின் நர்சிங் ஹோமில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் சீமையில் படித்தவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். கைராசிக்காரர், ஏழைகளை வாசலில் காக்க வைக்காதவர். அவ்வளவு நல்லவராக இருந்ததால் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல அந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டில் மூன்று மாதம் தங்கி, அவருடைய மனைவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மூன்று தொப்பிகளைப் பெட்டிக்குள் நசுங்காமல் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீடு அவிநாசி போகும் ரோட்டில் இருந்தது. கீழே கம்பெனி, மேலே குடித்தனம். கீழே நூலைப் பின்னித் துணியாக இறக்கும் வட்ட மிசின்கள் ஐந்து, ஒரு வெட்டு மேஜை, அதற்கு அப்பால் தையல். மேலே போக வெளிப்பக்கமாக இருபத்திரண்டு படி. அந்த ஊர் மரியாதையைப் பார்த்து முதல் நாள் மிரண்டே போனேன். படியேறும்போது ஒருவர் "பாத்து வாங்க", இன்னொருவர் "பொட்டியக் குடுங்க", மூன்றாமவர் தெருநாயைப் பார்த்து "அக்கட்டால போங்க" என்றார். எங்கள் ஊரில் மாமனாருக்குக்கூட இத்தனை 'ங்க' கிடைக்காது.

நோயாளியின் பெயர் தெய்வானை. முப்பது வயது இருக்கும். தறிக்காரக் குடும்பத்துப் பெண், பிறந்ததிலிருந்து நூல் சத்தத்தில் வளர்ந்தவர். கல்யாணமானபோது கையால் சுற்றும் மிசின் ஒன்று மட்டும் இருந்ததாம். கணவனும் மனைவியுமாக அதை ஐந்தாக்கியிருந்தார்கள். கம்பெனியில் அவருக்குப் பதவி என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விரித்துப் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு கஜம் துணி வெளுக்கப் போகாது. இரண்டு பையன்களுக்குப் பிறகு மூன்றாவது பிரசவம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பன்னிரண்டாம் நாள் தெய்வானை அக்கா யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போய், மிசின் பக்கத்தில் நின்று துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறார். வேலையும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. முதலாளி பயந்துபோய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் சொன்ன வைத்தியம் ஓய்வு. ஓய்வு என்றால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எடுப்பது போன்றது அல்ல. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. கையில் எந்த வேலையும் கூடாது, பூக்கட்டுவதுகூட. பேப்பர் கூடாது, ஒறம்பரை என்று சொந்தபந்தம் யாரும் வரக் கூடாது. பையன்கள் இருவரையும் பெருமாநல்லூரில் அவர்களுடைய அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கணவர் சாயங்காலம் வாசற்படியில் நின்று ஐந்து நிமிஷம் பார்க்கலாம். இறந்த குழந்தையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. வேளா வேளைக்குப் பால், பாதாம், தூக்க மருந்து. நோயாளி மனதைக் கிளறுகிற எதையாவது சொன்னால், மறுக்காமல் "சரி" என்று சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டும், சொன்னதை சார்ட்டில் எழுத வேண்டும். இதுதான் என் வேலை. வெள்ளை உடுப்புப் போட்ட போலீஸ்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் சுமுகமாகப் போனது. அக்கா என்னை "கண்ணு" என்று கூப்பிடுவார். எனக்கு ஊர் ஞாபகம் வந்து மூக்கை உறிஞ்சினால் என்னைத் தேற்றுவதும் அவர்தான். யார் நோயாளி, யார் நர்ஸ் என்று வெளியாட்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும், என் தலையில் தொப்பி மட்டும் இல்லாவிட்டால்.

எட்டாம் நாள் காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா டம்ளரைப் பாதியில் நிறுத்தினார்.

"கண்ணு, மூணாவது மிசின்ல ஊசி ஒடஞ்சிருக்குது. கீழ மிசின் ஓட்டற பொன்னுசாமிகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லீரு."

எனக்குக் கேட்டது ஒரே இரைச்சல். ஐந்து மிசினும் சேர்ந்து காலையிலிருந்து மாலை வரை போடும் அதே இரைச்சல். அதிலே மூன்றாவது எது, ஊசி எது? என் காதுக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் கிடையாது என்று நினைக்கிற வயது எனக்கு. "சரிங்கக்கா, பால் ஆறிடும், குடிங்க" என்றேன். கீழே போகவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. முத்து முத்தாக எழுதினேன்: 'மிசினில் ஊசி உடைந்ததாகச் சொல்கிறார். இல்லாத சத்தம் கேட்கிறது.'

இரண்டு நாள் கழித்து மறுபடி. "சொன்னியா கண்ணு? மறுக்காவும் போயிருச்சு பாரு. சுத்துக்கு ஒருதரம் டிக்குன்னுது. துணியில கோடு விழுந்துட்டே இருக்கும்." நான் மறுபடி "சரிங்கக்கா". மறுபடி சார்ட். மூன்றாம் முறை அவர் கெஞ்சினார். நான்காம் முறை வந்த கோபத்தில் பால் டம்ளர் சுவரில் போய் விழுந்தது. அதையும் எழுதினேன். வியாழக்கிழமை டாக்டர் வந்து சார்ட்டைப் படித்து, "வெரி நீட் சிஸ்டர்" என்று என்னைப் பாராட்டிவிட்டுத் தூக்க மருந்தின் அளவை ஏற்றினார். அந்தப் பாராட்டில் நான் இரண்டு நாள் மிதந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் நீங்களும் மிதப்பீர்கள்.

அதற்குப் பிறகு அக்கா அடங்கிப்போனார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கணவர் வாசற்படியில் நின்று, "இப்பப் பரவால்லீங்களா நர்சம்மா?" என்று கேட்பார். "ரொம்ப அமைதியா இருக்காங்க" என்பேன் பெருமையாக. அமைதிதான். கட்டிலில் மல்லாந்து கிடந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். எப்போதாவது 'மூணுல ஊசி' என்று முணுமுணுப்பார், அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். போர்வை ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி விரலில் சுற்றுவார். தலை வாரிவிடப் போனால் கழுத்தைக் குழந்தை மாதிரித் தொங்கவிடுவார். ஒரு நாள் திடீரென்று என் கையைப் பிடித்து, "கண்ணு, இப்ப நான் வாயத் தொறந்து சொன்னனா, மனசுல நெனச்சனா?" என்று கேட்டார். அதற்கும் சட்டப்படி "சரிங்கக்கா" என்றுதான் சொன்னேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது வாரம் அமாவாசை வந்தது. தறிக்காரர் வழக்கப்படி அன்று கம்பெனிக்கு லீவு. ஐந்து மிசினும் நின்று, கட்டிடம் முழுக்க அப்படி ஒரு நிசப்தம். காலை பத்து மணிக்கு அக்கா எழுந்து உட்கார்ந்தார். "அஞ்சுலயும் ஊசி போயிருச்சு. நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்று ஆரம்பித்தவர், இரண்டு காதையும் நகத்தால் பிறாண்டத் தொடங்கினார். நான் பிடிக்கப் போனேன், என்னால் முடியவில்லை. கணவர் ஓடி வந்து கையைப் பிடித்தபோது அவரை யாரோ போலப் பார்த்து, "ஆருங்க நீங்க, மிசினை நிறுத்துங்க" என்றார். காதோரம் ரத்தம் வழிந்தது. கணவர் அந்தக் கைகளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அடுத்த நாள் வியாழன். டாக்டர் சார்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். 'இல்லாத சத்தம் கேட்கிறது' என்று நான் ஒன்பது இடத்தில் எழுதியிருந்தேன், அமாவாசையோடு பத்து. டையைத் தளர்த்திக்கொண்டார். அவர் டையைத் தளர்த்தி அன்றுதான் பார்த்தேன். "இது நம் கையில் இல்லை. மெட்ராஸில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தலைக்குக் கரண்ட் வைக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அழைத்துப் போங்கள், கடிதம் தருகிறேன்" என்றார். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுப் பெண்ணை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால், திரும்பி வந்தாலும் அவள் பழைய இடத்துக்கு வருவதில்லை. கரண்ட் வைத்தவள் என்று ஊர் சொல்லும். பிள்ளைகளை அவளிடம் தனியாக விட மாட்டார்கள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டே "செரிங்க" என்றார்.

இனி நான் எப்படி உண்மையைக் கண்டுபிடித்தேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். புத்திசாலித்தனத்தால் அல்ல. செவ்வாய்க்கிழமை மாடியில் காயப்போட்டிருந்த என் தொப்பி காற்றில் பறந்து கம்பெனிக்குள் விழுந்தது. கஞ்சி போட்ட தொப்பி, தட்டு மாதிரிச் சுழன்று போயிற்று. அதை எடுக்கத்தான் அந்த ஆறு வாரத்தில் முதல் முறையாகக் கம்பெனிக்குள் கால் வைத்தேன். யோசித்துப் பாருங்கள், இருபத்திரண்டு படிக்குக் கீழே இருந்த இடம்.

தொப்பி மூன்றாவது மிசினடியில் கிடந்தது. மிசினை ஓட்டிக்கொண்டிருந்த பொன்னுசாமி அதைத் துண்டால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அவருக்கு மேலே சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் தொங்கியது. தேதிக் கட்டங்களில் அங்கங்கே மெலிசான ஊசித் துண்டுகள் குத்தியிருந்தன.

"இதென்ன அண்ணாச்சி, முருகனுக்கு வேலெல்லாம் இப்படிக் குத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒடஞ்ச ஊசிங்க. பழைய ஊசியக் காட்டுனாத்தான் புது ஊசி தருவாங்க. காணாமப் போயிரக் கூடாதுன்னு ஒடைஞ்ச அன்னிக்கே அந்தத் தேதியில குத்தி வெச்சர்றதுங்க. மிசினுக்கு ஒரு காலண்டர். மேல இருக்கற அக்கா போட்ட சட்டமுங்க." மாடிப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா நல்லா இருந்தப்ப மேல சமையக்கட்டுல இருந்தே சத்தம் போட்டுருவாங்க, 'பொன்னுசாமி, மூணுல ஊசி'ன்னு. ஒரு சாண் துணிகூட வீணாவாது. இப்ப ஆருங்க சொல்றதுக்கு இருக்கறாங்க? துணி எறங்கிக் கோடு தெரிஞ்சாத்தான் நமக்குத் தெரியுது."

நான் காலண்டரைப் பார்த்தேன். சில தேதிகள் எனக்குத் தெரிந்த தேதிகள். அக்கா முதல்முதலாக ஊசி என்று சொன்ன நாள். பால் டம்ளர் சுவரில் விழுந்த நாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி மேலே ஓடி சார்ட்டை எடுத்து வந்தேன். பொன்னுசாமி பின்பக்கம் மடித்திருந்த பழைய மாதத்தையும் விரித்துக் காட்டினார். மூன்றாவது மிசினில் பதினோரு ஊசிகள் உடைந்திருந்தன. என் சார்ட்டில் ஒன்பது. ஒன்பதும் தேதி பிசகாமல் அந்தக் கட்டங்களில் இருந்தன. மற்ற இரண்டு நாளும் அக்கா என் மருந்தில் மயங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். அமாவாசைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மிசினடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொன்னுசாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

அன்றும் மறுநாளும் நான் என்ன யோசித்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால் வேலை போய்விடும், ஊரில் அம்மா என் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார். அல்லது சார்ட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு அழகாக மறுபடி எழுதலாம். நேர்மையால்தான் அதைச் செய்யவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சார்ட்டில் பக்கங்களுக்கு நம்பர் போட்டிருந்தது. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் முதலாளி மனைவியின் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு சேலையையும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். எதை எடுத்துப்போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் கார் வந்து நின்றபோது நான் சார்ட்டோடும் காலண்டரோடும் கூடத்தில் நின்றேன். "அது என்ற ஊசிங்க, நானும் வாரனுங்க" என்று பொன்னுசாமியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் காலண்டரை நீட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டார். "காலண்டரெல்லாம் வேண்டாம் சிஸ்டர், வீட்டில் நிறைய இருக்கிறது."

"பரிசு இல்ல டாக்டர். இது என் தப்பு" என்றேன். ஒவ்வொரு தேதியாகக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பதினோரு ஊசியையும் விரலால் தொட்டுப் பார்த்தார், டாக்டர் அல்லவா. கடைசியில் விரல் அமாவாசையில் வந்து நின்றது.

"அன்று மிசின் ஓடவில்லை. அன்றும் கேட்டிருக்கிறதே. அப்படியானால் நோய் இருக்கிறது."

"இருக்கு டாக்டர். ஆனா நாம இங்க வாரப்போ அது இல்ல."

அவர் முகம் சிவந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார், இங்கிலீஷில், இரண்டு நிமிஷம். பாதி புரியவில்லை, அது ஒரு வசதி. பிறகு சோர்ந்தவர் போல, "என்ன செய்யலாம் என்று சொல்கிறாய்?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "அவங்க ஒண்ணு சொன்னா நான் போய்ப் பாத்துட்டு வந்து, இருக்கா இல்லையான்னு சொல்லுதேன். மத்ததெல்லாம் நீங்க சொன்னபடி."

"பத்து நாள்" என்றார். மெட்ராஸ் பயணம் தள்ளி வைக்கப்பட்டது. ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினார். நான் போட்ட அந்தக் கையெழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருந்தது.

முதல் மூன்று நாளும் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்? ஆறு வாரம் சொல்லி என்ன கண்டார்? நானே போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சொன்னேன். "அக்கா, நீங்க சொன்ன ஒன்பது தடவையும் ஊசி உடைஞ்சிருந்துச்சு. நான் கீழ போகவே இல்ல. போகாமலே சரி சரின்னேன். தப்பு என்மேல." அவர் என்னைப் பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை. இனி மருந்துக் குப்பியை அவர் கேட்டால் ஒழிய எடுப்பதில்லை என்று நானாக முடிவு செய்தேன். அது டாக்டர் சொன்னபடி அல்ல. அதை அவரிடம் பிறகு சொன்னேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

நீங்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கழித்து வந்த டாக்டர் மெட்ராஸ் கடிதத்தைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். மறு மாதம் அக்கா படியிறங்கினார். பழையபடி ஆக ஒரு வருடம் பிடித்தது. டாக்டர் தன் ஓய்வு வைத்தியம் பலித்துவிட்டது என்றே கடைசி வரை நம்பினார், நானும் அவர் மனதைக் கிளறவில்லை. ஆனால் அது தீர்மானமானது பத்தாம் நாள் அல்ல, நான்காம் நாள் மத்தியானம்.

அன்று சாப்பாடு முடிந்து தட்டை எடுத்தபோது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "கண்ணு, ரெண்டாவது மிசின்ல என்னமோ டிக்கு டிக்குன்னு கேக்குதாட்ட இருக்குது."

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். பொன்னுசாமி அந்த மிசினை நிறுத்தச் சொன்னார். ஊசிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தன. துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தோம், கோடு எதுவும் இல்லை. மிசின் சரியாக இருந்தது. காதுதான் சரியாக இல்லை.

ஆமாம், உடைந்திருந்தது, மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார். இல்லை என்று சொன்னால் அமாவாசை அன்று நடந்தது மறுபடி நடக்கலாம். நடந்தால் மெட்ராஸ்தான், என் கையெழுத்தும் அதற்கு இருக்கிறது. படியில் பாதியில் நின்றேன். பொன்னுசாமி கீழே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லித்தான் இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன், இனிப்பாக இருந்தாலும் அதுவும் பொய்தான் என்று தோன்றியது. ஏறிப் போனேன்.

"இல்லீங்கக்கா. நல்லா ஓடுது."

"ஊசியத் தடவிப் பாத்தியா?"

"ஒவ்வொண்ணாப் பாத்தேன். பொன்னுசாமி அண்ணாச்சியும் பாத்தாரு. துணியையும் இழுத்துப் பாத்தோம்."

"அப்ப அது என்ற காதுதான்."

"ஆமாங்க."

அவர் கத்தவில்லை. காதுக்குக் கை போகவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையணையில் சாய்ந்தார். "செரி கண்ணு. இருந்தா இருக்குதுன்னு சொல்லு. இல்லீன்னா இல்லீன்னு சொல்லு. இத்தன நாளா எல்லாரும் எல்லாத்துக்கும் செரி செரின்னே சொன்னீங்க. எது நெசம், எது என்ற நெனப்புன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு."

தட்டை எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"கண்ணு. இன்னொண்ணும் கேக்கறன். அதையும் கேட்டுட்டு வந்து சொல்றியா?"

"சொல்லுங்கக்கா."

"என்ற கொழந்தை பையனா, பொண்ணா?"

ஆறு வாரத்துக்கு மேல் ஆகியும் அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் தெரியாது, நானும் யாரிடமும் கேட்டதில்லை. மறுபடி கீழே இறங்கினேன். முதலாளி வெட்டு மேஜையில் துணி அடுக்கைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார். அருகில் போய் மெதுவாகச் சொன்னேன். கத்தரியை வைத்துவிட்டு, அடுக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பொண்ணுங்க" என்றார். துணி அடுக்கைப் பார்த்தபடியே, "நீங்களே போயிச் சொல்லீர்றீங்களா நர்சம்மா?"

அதுவரை நான் எல்லாவற்றுக்கும் ஓடுகிற ஆள். ஏன் என்று தெரியவில்லை, அன்று கால் நகரவில்லை. "இது நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்ற விஷயம் இல்லீங்க. பாத்தது நீங்கதானே" என்றேன்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்தார். தோளில் ஒட்டியிருந்த நூல் தூசியைத் தட்டினார். பிறகு படியேறிப் போனார், வாசற்படியில் நிற்காமல் உள்ளே போனார். சற்று நேரத்தில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. கூடவே அவர் அழுவதும் கேட்டது. நோயாளி அழக் கூடாது, அழுதால் நான் உடனே போய் மருந்து கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பொன்னுசாமி என்னைப் பார்த்தார். நான் வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முதலாளி மேலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நர்சம்மா, ரெண்டு டம்ளர் காப்பி கொண்டாறீங்களா? அவளுக்குச் சர்க்கரை சித்த தூக்கலா வேணுமாமுங்க" என்றார்.

டாக்டர் காப்பி கூடவே கூடாது என்றிருந்தார். நான் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.